தவிட்டுப் பிள்ளைக்கு இருமல்

எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் தப்பில்லை. புளியம்பொய்கை சர்க்கார் மருந்தகத்தில் பதினோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். அந்த ஜன்னலுக்குப் பின்னால் கோபப்படாமல் ஒரே ஒரு மழைக்காலம் யாராவது உட்கார்ந்து காட்டட்டும், அப்புறம் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாம் மூக்கு ஒழுக வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் விளக்கெண்ணெய், நெற்றியில் சுக்குப் பற்று, நெஞ்சில் கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய். இதெல்லாம் எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். கற்பூரவல்லிச் சாற்றை நானும் என் பெண்களுக்குப் பிழிந்து கொடுத்திருக்கிறேன். சாதாரணச் சளி ஏழெட்டு நாளில் தானாகப் போய்விடும். அந்த ஏழெட்டு நாளும் பெற்றவளுக்கு ஏதாவது செய்தால்தான் மனசு ஆறும். செய்துகொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது?

எனக்குக் கோபம் வருவது பாட்டிலால்தான். மிக்சர் வாங்க வருகிறவர்கள் அவரவர் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும். கழுவிக் கொண்டுவா என்றால் மண்ணெண்ணெய் வாடையோடு நீட்டுவார்கள். மூடிக்குப் பதில் கந்தல் துணியைச் சுருட்டி அடைத்திருப்பார்கள். திட்டிக்கொண்டே வெந்நீர் விட்டு நானே கழுவி, அளந்து ஊற்றி, மடித்துப் பல்பல்லாக வெட்டிய காகிதத்தைப் பசை தடவிப் பாட்டிலின் விலாவில் ஒட்டிக் கொடுப்பேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுத்து தெரியாதவர்களுக்கும் அது புரியும்.

அளவு விஷயத்தில் மட்டும் என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஒரு சொட்டு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் புதுக்கோட்டையிலிருந்து ஜீப்பில் வருகிற டாக்டர், உடையப்பன் கை தராசுக் கை என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். மிக்சர் தண்ணியாட்டம் இருக்கிறதே என்று சந்தேகப்பட்ட பெரிய மனிதர் ஒருவரை, பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பியவன் நான். சம்பளத்தை விட அந்தப் பெயர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மேலக்காட்டிலிருந்து செவந்தி வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். இடுப்பில் பதினைந்து மாதத்துப் பையன். மூக்கில் சின்ன வளையம் போட்டிருந்தான். பெயர் பிச்சைமுத்து. சளி, இருமல், லேசான சூடு. டாக்டர் பார்த்துவிட்டு மூன்று வேளை மிக்சர் எழுதிக் கொடுத்தார். பாட்டிலைத் துலக்கி வைத்த வெண்கலம் மாதிரி கழுவிக் கொண்டுவந்திருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

பகல் பன்னிரண்டுக்கு மருந்தகத்தைப் பூட்டப் போகும்போது மறுபடியும் வந்து நின்றாள். பாட்டிலை நீட்டி, ஒரு வேளை ஊற்றி விடச் சொன்னாள். வீட்டில் கரண்டி இல்லையோ என்று நினைத்து ஊற்றிவிட்டேன். சாயங்காலம் மறுபடி வந்தாள். மறுநாளும் மூன்று வேளையும் வந்தாள். மேலக்காடு ஒன்றரை மைல். காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையை அவன் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் நடந்து வருகிறாள். புதன்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன உன் வீட்டுச் செவிலியா, காகிதத்தில் பல் வெட்டி ஒட்டியிருப்பது அழகுக்கா என்று பிடித்துக்கொண்டேன். நான் திட்டி முடிக்கும்வரை நின்று, பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மருந்தகத்தைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைக்கிற அழகிதான் விஷயத்தைச் சொன்னாள். அவளும் மேலக்காட்டுக்காரி. செவந்திக்கு இது மூன்றாவது பிள்ளையாம். முதல் பிள்ளை பிறந்த ஏழாம் நாளே போய்விட்டது. இரண்டாவது பெண், கண்ணாத்தாள் என்று பெயர். ஒரு வயசு தாண்டி ஓடியாடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில் சளி கட்டி, நம் மருந்தகத்துக்குக் கொண்டுவந்து, நான் கொடுத்த மிக்சரைச் செவந்தி தன் கையால் ஊற்றினாள். இரண்டாம் வேளை ஊற்றிய அரைமணியில் பிள்ளை போய்விட்டது. அவள் கையே ஆகாத கை என்று நாத்தனார் பிச்சையம்மாள் இழவு வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

அதனால் இந்தப் பிள்ளை பிறந்ததும் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை முறத்தில் போட்டு அயல் வீட்டுக்காரி ஒருத்தியிடம் கொடுத்து, ஒரு படி தவிடு வாங்கிக்கொள்வார்கள். மூக்கைக் குத்தி, பிச்சை என்று பெயரும் வைத்துவிடுவார்கள். அன்றிலிருந்து பிள்ளை வாங்கினவளுடையது. பெற்றவள் வளர்த்துக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். தேடி வருகிற கெட்டது இது யார் பிள்ளை என்று தெரியாமல் திரும்பிப் போய்விடும் என்று ஒரு கணக்கு. பிச்சைமுத்துவை வாங்கியவள், சந்தையில் கருவாடு விற்கிற யாக்கூப்பின் மனைவி ஆபிதா. பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டியதிலிருந்து மருந்து கொடுத்தது வரை எல்லாம் ஆபிதாவின் கைதான். பாலை மட்டும் செவந்தி கொடுப்பாள். அந்த ஆபிதா இப்போது பேறுகாலத்துக்கு மீமிசலில் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள். செவந்தியின் புருஷன் குழந்தைசாமி மணப்பாறைப் பக்கம் ரோடு வேலைக்குப் போயிருக்கிறான்.

நீ ஊற்றக் கூடாதா என்று அழகியைக் கேட்டேன். தாலியறுத்தவள் கையால் தவிட்டுப் பிள்ளைக்கு மருந்தா, பிச்சையம்மாள் வாசலிலேயே நிறுத்திவிடுவாள் என்றாள். சரி, நான் ஒரு படி தவிடு தருகிறேன், எனக்கு விற்றுவிடச் சொல் என்றேன். விற்ற பிள்ளையை வாங்கியவள் இல்லாமல் இன்னொருத்தருக்கு எப்படி விற்பது என்று அழகி என்னையே கேட்டாள். நிலப் பத்திரம் தோற்றுப்போகும்.

"அப்ப என் கை மட்டும் எப்படி ஆகும்?"

"ஒங்க கை சர்க்கார் கைல்ல," என்றாள் அழகி. "அதுல ஒண்ணும் ஒட்டாதாம்."

சிரிப்பு வந்தது. கூடவே அந்த மார்கழியும் ஞாபகம் வந்து சிரிப்பை அடைத்தது. கண்ணாத்தாளை எனக்கு நன்றாக நினைவிருந்தது. டாக்டர் எழுதியதை இரண்டு முறை அளந்து ஊற்றினேன். ஆனால் பிள்ளையைக் கொண்டுவந்ததே ஐந்தாம் நாள். அதுவரை தீட்டு நிழல் பட்டுச் சீர் தட்டியிருக்கிறது என்று மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார்கள். வரும்போதே உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவர்கள் மிக்சரை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அந்த நிலையில் எந்த மருந்து, யார் கையால் கொடுத்தாலும் நின்றிருக்காது.

வெள்ளிக்கிழமை செவந்தி வந்தபோது பிச்சைமுத்து இருமவே இல்லை. இருமலை விட அதுதான் பயம். தூங்குகிற நாய்க்குட்டி மாதிரி வயிறு துடிக்க மூச்சு விட்டான். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மார்பில் வாய் வைத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மூச்சு வாங்க விட்டுவிட்டான். டாக்டர் குழல் வைத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். ஜீப்பிலேயே புதுக்கோட்டைக்கு வந்துவிடு என்று கூப்பிட்டார். புருஷன் இல்லாமல் பெரியாஸ்பத்திரிக்கா என்று செவந்தி மிரண்டாள். கூட வந்திருந்த பிச்சையம்மாள் மாட்டேன் என்று ஒரேயடியாக நின்றாள். டாக்டர் சல்ஃபா மாத்திரை எழுதினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு வேளை, இரவும் பகலும், ஒன்றுகூடத் தவறக் கூடாது, தண்ணீரும் பாலும் நிறையக் கொடுக்க வேண்டும், நாளைக்கும் இப்படியே இருந்தால் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாத்திரைகளைப் பாதியாக்கிப் பொடித்து, ஐந்து நாளைக்கு முப்பது பொட்டலம் மடித்தேன். கடிகாரம் இல்லாத வீடு. ஊர் அடங்கியதும் ஒன்று, சாமக்கோழி கூவும்போது ஒன்று, விடிந்ததும் ஒன்று என்று மூன்று தடவை சொன்னேன். அவளும் மூன்று தடவை தலையாட்டினாள். முதல் பொட்டலத்தை நான்தான் கொடுத்தேன். மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதுவும் நான்தான்.

அன்று ராத்திரி பிடித்த மழை விடிந்தும் விடவில்லை. பெரிய கண்மாய் கலிங்கு உடைந்து, தார் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். பஸ் இல்லை, ஜீப்பும் வராது. சனிக்கிழமைகளில் புதுக்கோட்டைக்குப் போய், அங்கே பள்ளிக்கூடத்துக்காக வைத்திருக்கிற என் மனைவியையும் இரண்டு பெண்களையும் பார்த்துவிட்டு வருவேன். அதுவும் நின்றது. பத்து மணிக்குச் செவந்தி நனைந்துகொண்டே வந்தாள். பிள்ளை நனையவில்லை. சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு அவனுக்கு மட்டும் கூரை செய்திருந்தாள். பொட்டலங்களைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

பிள்ளை நேற்றை விட மோசமாக இருந்தான். எனக்குச் சந்தேகம் தட்டிப் பொட்டலங்களை எண்ணினேன். இருபத்துநாலு இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு இருந்தது.

ராத்திரி மூன்று வேளையும் போகவில்லை.

என் வாயிலிருந்து என்னென்ன வந்தது என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிள்ளையைக் கொல்லுகிறாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அழகி ஓடிவந்து கதவோரம் நின்றாள். செவந்தி அழவில்லை. வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், ஏதோ கையில் அழுக்கு இருப்பதுபோல. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"மூணு தடவையும் பொட்டலத்தைப் பிரிச்சேங்க," என்றாள். "வாய்க்கிட்ட கொண்டு போனா, அவ மொகம் வருதுங்க. திரும்ப மடிச்சு வச்சிட்டேன். என் கையால இன்னொண்ணைக் கொல்ல மாட்டேன். நீங்க ராத்திரி நம்ம வீட்டுக்கு வந்து ஊத்துங்கய்யா. கால்ல வேணாலும் விழுறேன்."

போயிருப்பேன். ஒரு ராத்திரி போகலாம், இரண்டு ராத்திரி போகலாம். மேலக்காட்டு ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளே முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் வந்திருக்கிறாள். பகலோடு ஓடை அடைத்துக்கொண்டால் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பொட்டலங்கள் அவளிடம் இருக்கும். அவற்றைப் பிரிக்க ஒரு கை இருக்காது. இங்கேயே தங்கிவிடு என்றால், ஆம்பிளை ஒருத்தன் தனியாக இருக்கிற இடத்தில் அவள் தங்க முடியாது. தங்கினாலும் நாத்தனார் மறுபடி வீட்டில் சேர்க்க மாட்டாள். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அந்தக் கைதான் வேண்டியிருந்தது.

பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பத்து மணிப் பொட்டலத்தைப் பிரித்து ஸ்பூனில் கொட்டினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உன் கையால் இல்லை ஆத்தா, நீ ஐந்து நாள் கழித்துக் கொண்டுவந்ததால்தான், பெரியாஸ்பத்திரிக்குப் போகாததால்தான் என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையை விடுவித்து, கழுத்தில் கல்லைக் கட்டிவிடுகிற உண்மை அது. அதைக் கேட்டுவிட்டு அவள் எழுந்து நடப்பாளா?

பார்த்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இருந்தது என் பெயர் ஒன்றுதான்.

"செவந்தி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசமா சொல்லாம வச்சிருக்கேன்," என்றேன். "அன்னைக்கு இங்க மருந்து தீந்துபோச்சு. ஒன்னய வெறுங்கையோட அனுப்ப மனசில்ல. பாட்டில்ல பச்சத் தண்ணிய ஊத்தி, வாசனைக்கு நாலு சொட்டு ஓமத்தண்ணி விட்டுக் குடுத்துட்டேன். நீ அந்தப் பிள்ளைக்கு மருந்தே குடுக்கல ஆத்தா. தண்ணியத்தான் குடுத்த. ஒன் கை ஒண்ணும் செய்யல. செஞ்சதெல்லாம் நான்."

கதவோரம் நின்ற அழகி என்னையே பார்த்தாள். கண்ணாத்தாளைக் கொண்டுவந்த அன்று காலையில்தான் மருந்துப் பெட்டி வந்து இறங்கியது. அதைத் தலையில் சுமந்து உள்ளே வைத்தவளே அவள்தான். அவள் வாயைத் திறந்துவிடுவாளோ என்று பயந்தேன். அழகி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

செவந்தி என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதற்கு முன் அவள் என்னை நேராகப் பார்த்ததே இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அப்படி ஒரு பார்வையை நான் என் எதிரிக்கும் வேண்ட மாட்டேன்.

"இதுல?" என்று ஸ்பூனைக் காட்டினாள்.

"மருந்துதான். என் ரெண்டு பிள்ளைக மேல சத்தியம்."

முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. ஸ்பூனை என்னிடமிருந்து வாங்கி, கொஞ்சம் தாய்ப்பால் பீய்ச்சிக் குழைத்துக்கொண்டாள். நான் திரும்பி நின்றேன். பிள்ளை முனகுகிற சத்தம், பிறகு விழுங்குகிற சத்தம். திரும்பிப் பார்க்கையில் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டு, நடக்கப் போவதற்காகக் காத்திருக்கிறாள். நானும் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை லேசாகத் தும்மினான், கண்ணை மூடிக்கொண்டான். அரைமணி நேரம் இருவரும் அவன் மூச்சையே எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த அரைமணி கழிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் அழுதாள். ஆறுதல் சொல்லக்கூட எனக்கு வாயில்லை. நான்தானே குற்றவாளி.

போகும்போது பொட்டலங்களை எண்ணி வாங்கிக்கொண்டாள். வாசல்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"வெளியில சொல்ல மாட்டேங்க. ஒங்களுக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு."

நான் செய்யாத குற்றத்துக்கு அவள் என்னைத் தப்பவிட்டுப் போனாள்.

ஞாயிறும் திங்களும் அவள் வரவில்லை. ஓடை நிரம்பி ஓடியது. அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் கடிகாரத்தைப் பார்ப்பேன், இப்போது கொடுத்திருப்பாளா என்று. செவ்வாய்க்கிழமை தண்ணீர் வடிந்து ஜீப் வந்தது. டாக்டர் இறங்குவதற்கு முன்பே செவந்தி வரிசையில் நின்றிருந்தாள். பிச்சைமுத்து அவள் இடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னால் நின்ற கிழவரின் தலைப்பாகையை இழுத்துக்கொண்டிருந்தான். மீதிப் பொட்டலம் ஒன்பது. சரியான கணக்கு. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, யாரம்மா இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்தது என்று கேட்டார்.

"நான்தாங்க," என்றாள் செவந்தி.

ஆபிதா கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது, முறைப்படி தவிட்டைத் திருப்பிக் கொடுத்து பிள்ளையை மீட்டுக்கொண்டார்கள் என்று அழகி சொன்னாள். அதன் பிறகு செவந்திக்கு இன்னும் இரண்டு பிறந்தன. இரண்டும் தங்கின. ஒன்றையும் யாருக்கும் விற்கவில்லை. ஐப்பசி பிறந்தால் ஒன்று மாற்றி ஒன்றுக்குச் சளி பிடிக்கும். கழுவிய பாட்டிலோடு வருவாள். டாக்டரிடம் பேசுவாள், அழகியிடம் பேசுவாள். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அய்யா என்று கூப்பிட்டதும் அந்தச் சனிக்கிழமையோடு சரி. அது எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு பொய் போதும் எனக்கு.

நான் மிக்சரை அளந்து ஊற்றி, காகிதம் ஒட்டி, ஜன்னல் வழியாக நீட்டுவேன். அவள் வாங்கி, அங்கேயே துணியை உருவி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருமுறை பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி ஏன் இப்படி என்று கேட்டாள். ரொம்பக் காரமா இருந்தா பிள்ளை துப்பிரும்ல, அதான் பாக்குறேன் என்றாள் செவந்தி. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நாக்கில் அந்தக் காரம் ஏறுகிறவரை கண்ணை மூடியிருப்பாள். பிறகு, சரி, மருந்துதான் என்று தலையசைப்பாள். பிள்ளையை மடியில் சாய்த்து, முதல் வேளையை அங்கேயே தன் கையால் கொடுத்துவிட்டுத்தான் போவாள். அவள் தலையசைக்கிறவரை நான் அடுத்த பாட்டிலைத் தொடாமல் காத்திருப்பேன்.